கடலுக்கு நாள் பார்க்க வேண்டாம்

சிதம்பரம் தெற்கு வீதியில் நான் வேலை பார்க்கும் கடையில் பஸ், ரயில் எதுவானாலும் டிக்கெட் போட்டுத் தருவோம். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம் எல்லாம் உண்டு. ஆறு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். குமராட்சிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், சென்னையில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்கள், கொடைக்கானல் போகிற புது ஜோடிகள், எல்லாருக்கும் எது நல்ல சீட், எந்த பஸ் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று நான்தான் சொல்வேன். ஊரார் பயணமெல்லாம் என் விரல் நுனியில் இருந்தது. நான் போனது என்று எண்ணிப் பார்த்தால் மூன்றே மூன்று, மூன்றும் கோயில், அதிலும் ஒன்றில் நான் கிடையாது.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் வீட்டோடு திருப்பதி, பழனி, சமயபுரம் என்று கிளம்பினோம். திருப்பதிக்கும் பழனிக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. எங்கள் பக்கம் கோயில், கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் பெண்கள் முதலில் காலண்டரைப் பார்ப்பார்கள், அப்புறம் மருந்துக்கடைக்குப் போவார்கள். பழனிக்குப் போய்விட்டு வந்து எனக்குப் பதினோரு நாள் நிற்கவே இல்லை. கடையில் பிரிண்டர் பக்கத்தில் மயங்கி விழுந்தேன். இனிமேல் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது என்று டாக்டர் அம்மா என்னைத் திட்டிய திட்டு வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அதனால் சமயபுரத்துக்கு மாத்திரை போடவில்லை. நாள் சரியாக வந்தது, நான் வீட்டில் இருந்துவிட்டேன். மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்குத் தலை சீவிப் பூ வைத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

எனக்கு இது புதிதல்ல. நான் பிறந்து வளர்ந்தது கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில். என் அப்பா வீட்டிலும் கோயில் கோயிலாகப் போவார்கள். என் அம்மா பாதிப் பயணத்தில் இருக்க மாட்டாள். "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்பார்கள். எந்தப் பயணம் வந்தாலும் அம்மாவுக்கு மட்டும் எப்படி உடம்பு சரியில்லாமல் போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போனால் அம்மா கட்டாயம் வருவாள். ஒரு வாரம் கூடத் தவறியதில்லை. புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நிற்பாள், அப்பா கூப்பிட்டாலும் வர மாட்டாள். கடலுக்கு நாள் பார்க்க வேண்டாம் என்பது எனக்கு வயதுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அதனால்தான், போன வருஷம் நாங்கள் ஒரு பழைய கார் வாங்கியதும், முதல் பயணம் கடலோரமாக என்று நான் முடிவு செய்தேன். நாங்கள் நாலு பேர் மட்டும். அவர், நான், ஏழு வயதுப் பெரியவள், நாலு வயதுச் சின்னவன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளைகள் பெரிதாகி ஒரு பயணத்தை நினைத்துப் பார்த்தால், அதில் அம்மாவும் இருக்க வேண்டும்.

இரண்டு மாதம் திட்டம் போட்டேன். மகளின் பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை, அதிராம்பட்டினம் தாண்டி மனோரா, அப்படியே கீழே இறங்கித் தேவிபட்டினம், ராமேஸ்வரம், கடைசியில் தனுஷ்கோடி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு திட்டம் போடுவது என்பது மூத்திரத்தைச் சுற்றித் திட்டம் போடுவதுதான். எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்று அந்த வழியாகப் போய் வரும் கஸ்டமர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். "ஏம்மா, ஊரு பேரு எழுதியிருக்கியா, கக்கூஸ் பேரு எழுதியிருக்கியா?" என்று அவர் சிரித்தார். சின்னவனுக்குக் காரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் குமட்டும். முக்கால் மணிக்கு ஒரு ஊர் என்று கோடு போட்டேன். எலுமிச்சம்பழம், பாலிதீன் கவர், மாற்றுச் சட்டை நாலு, இட்லி மிளகாய்ப்பொடி, ரொட்டி. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் வெயிலில் இறங்கக் கூடாது, அந்த நேரத்தில் தூங்க வைத்தே ஓட்டிவிட வேண்டும். பெரியவள் கேள்வி கேட்டே கொல்லுவாள், அதற்கும் பதில் தயார் செய்துகொண்டேன்.

தொடக்கம் மட்டும் கடலூரில் என்று அடம்பிடித்தேன். தெற்கே போகிறவள் முதலில் வடக்கே நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய், சில்வர் பீச்சில் காலை நனைத்துவிட்டு, அப்புறம் திரும்பி வர வேண்டும். "பெட்ரோல் என்ன உங்க அப்பா வீட்டுலயா ஊத்தறாங்க?" என்று அவர் கேட்டார். ஆனால் ஒத்துக்கொண்டார். அவர் கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மே மாதத்தில் ஐந்து நாள் லீவு கிடைத்தது, அதுவும் அவர் சொன்ன தேதிக்கு இல்லை, கம்பெனி சொன்ன தேதிக்கு. தேதியை அவர் சொன்னபோது எனக்குள் பழைய பழக்கத்தில் ஒரு கணக்கு ஓடப் பார்த்தது. ஓடவிடவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பயணத்துக்கு நான் காலண்டரைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை, அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது.

"கிளம்புற வரைக்கும் யாருட்டயும் மூச்சு விடாதீங்க" என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவருக்கு மூத்தவர் ஒரு அக்கா, பண்ருட்டியில் வாக்கப்பட்டவர். அக்கா வீட்டுக்காரர் முந்திரி வியாபாரம். இவர் வீட்டில் வண்டி சம்பந்தமாக எதுவானாலும் அந்த மாமாவைக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். சைக்கிளுக்கு டியூப் மாற்றுவதென்றாலும் மாமாவுக்கு ஒரு போன் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "மாமா, தனுஷ்கோடி வரைக்கும் போவணும்னா நாலு டயரும் மாத்திடலாமா, பின்னாடி ரெண்டு மட்டும் போதுமா?" என்று கேட்டார். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாமா, "எதுக்கு மச்சான் தனுஷ்கோடி?" என்றார். அதற்குள் போன் அக்கா கைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரமே நாத்தனார் வந்துவிட்டார், பாதிப் பலாப்பழத்தோடு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இரண்டு பிரசவத்திலும் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர் அவர்தான். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம்.

"ராமேஸ்வரத்துக்குப் போறீங்களாமே, எங்கள்லாம் கூப்புட மாட்டியா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"கோயிலுக்கு இல்ல அண்ணி. புள்ளைங்களுக்குக் கடல் காட்டலாம்னு."

"பொறந்ததே கடலூரு. நீ பாக்காத கடலா? இங்க பரங்கிப்பேட்டைக்குப் போனா கடல் இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் சுளையைப் பிரித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். சின்னவனுக்கு ஒன்றரை வயதில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டு, ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வைப்பதாக அவர் வேண்டிக்கொண்டாராம். இத்தனை நாள் வாய் திறக்காதது, வசதி வரட்டும் என்று இருந்ததாம். இப்போது சாமியே வழி காட்டியிருக்கிறதாம்.

 பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதை வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? சரி என்று தலையாட்டினேன். ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதை அன்று மத்தியானமே ஆரம்பமாகிவிட்டது. காரில் ஐந்தாவது சீட் காலியாகப் போகலாமா, அண்ணி வருகிறேன் என்றார். அவர் வந்தால் மாமா வர வேண்டும். மாமா வந்தால் அவருடைய அம்மா, தம்பி குடும்பம். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது பன்னிரண்டு பேர், காருக்குப் பதில் வேன். வேன் டிரைவர் கடலோர ரோட்டில் சாப்பாட்டுக்கு நல்ல ஓட்டல் கிடையாது, உள்ரோட்டிலேயே போய்விடலாம் என்றாராம். பூம்புகார் போய்த் திருக்கடையூர் வந்தது. தரங்கம்பாடி போய்த் திருநள்ளாறு வந்தது. கோடியக்கரையும் மனோராவும் எங்கே போயின என்றே தெரியவில்லை. கடலூரில் தொடங்குவது என்ற பேச்சை எடுத்ததும் எல்லாரும் சிரித்தார்கள், அவரும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். என்னால் முடியவில்லை. அன்று பாத்திரம் கழுவும்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கிளம்புகிற தேதிக்கு ஒரு நாள் முன்னே பின்னே, எனக்கு நாள்.

அவரிடம் சொன்னேன். "லீவ மாத்த முடியாது. அக்காவக் கேட்டுப் பாரேன்" என்றார். தம்பி சொல்லியிருக்க வேண்டும், நான் கேட்பதற்கு முன்பே அண்ணியே, "ஒரு அட்டை மாத்திரை வாங்கிப் போட்டுக்கோ, எல்லாரும் போடறதுதான்" என்று போனில் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருங்க அப்பிடித்தான் ஜாஸ்தியா பயமுறுத்துவாங்க" என்றார். நான் மாத்திரை வாங்கவில்லை. ஒருவேளை தள்ளிப்போனாலும் போகும் என்று இருந்தேன். கடையில் உட்கார்ந்துகொண்டு, வேறு யாருக்கோ ராமேஸ்வரம் ரயிலில் டிக்கெட் போட்டுக்கொண்டு, ஐந்து நாள் தள்ளிப் போ, ஐந்தே நாள் என்று என் உடம்பிடம் கெஞ்சியிருக்கிறேன்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் குளிக்கப் போனபோது வந்துவிட்டது.

குளியலறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே பெரியவள், "அம்மா, நான் என் பை நானே எடுத்து வச்சிட்டேன்" என்று கதவைத் தட்டினாள். யாரிடமும் சொல்லாமல் வேனில் ஏறிவிடலாம் என்று தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? எத்தனையோ பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள், சொல்லுவதில்லை, அவ்வளவுதான். நான் செய்த தப்பு, அவரிடம் சொன்னது. ஒன்பது வருஷமாக எதையும் மறைத்துப் பழக்கமில்லை, அந்தப் பழக்கம் என்னைக் கெடுத்தது.

அறைக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். "யாருட்டயும் சொல்லாதீங்க. நான் எந்தக் கோயிலுக்குள்ளயும் வரல. வேன்லயே இருந்துக்கறேன், கால் வலின்னு சொல்லிக்கறேன். தனுஷ்கோடியில மட்டும் எறங்கறேன். புள்ளைங்களோட ஒரு தடவ அலையில நின்னுட்டு வந்துடறேன்."

அவர் என் கையைப் பிடித்தார். "சரி, ஏறிக்கோ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வேன் வந்து நின்றது. வேப்பிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அண்ணி மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சின்னவன் கையில் காப்பு மாதிரி கட்டினார். நான் பைகளைக் கொடுத்துவிட்டு வேன் படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது பார்த்தேன், அவர் தன் அக்காவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் காதில் ஏதோ சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அண்ணி என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நீ எறங்கிக்கோம்மா. வேண்டுதல் வண்டி. புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நாளைக்கு யாரச் சொல்றது?" என்றார்.

ஏறி உட்கார்ந்திருக்கலாம். என் பிள்ளை, என் பயணம், நான் போட்ட திட்டம் என்று கத்தியிருக்கலாம். அந்தக் காலை நான் ஏன் கீழே எடுத்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பன்னிரண்டு பேருக்குப் பயந்து இல்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. நான் நம்பாத ஒன்றுக்கு நானே பயந்தேன். அவர்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல் இருக்கிற கோபம் பெரிது.

அவர் பக்கத்தில் வந்து, "புள்ள விஷயம்மா. எனக்கு மனசு கேக்கல. அடுத்த வருஷம் நாம நாலு பேரா கார்ல போலாம்" என்றார்.  சின்னவன் அழுதான். பெரியவள் அழவில்லை. ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா ஏன் வரல?" என்று உள்ளே யாரையோ கேட்டாள். என்ன பதில் சொன்னார்களோ, எனக்குக் கேட்கவில்லை. வேன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

மறுநாள் கடைக்குப் போய்விட்டேன். "ஏம்மா, ஊருக்குப் போவலியா?" என்று முதலாளி கேட்டார். "ஒடம்பு சரியில்லண்ணே" என்றேன். அன்று பெண்ணாடத்திலிருந்து ஒருத்தர் வந்து, பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போக எந்த வழி நல்லது என்று கேட்டார். கடலோரமாகப் போங்கள் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னேன். பெட்ரோல் பங்கு வரைக்கும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு, "நீங்க அடிக்கடி போவீங்களா?" என்று கேட்டார். நான் அவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடியிலிருந்து வீடியோ கால் வந்தது. "பாரு, ஒனக்காகத்தான் காட்டறேன்" என்று அவர் போனைக் கடல் பக்கம் திருப்பினார். காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நீலமாக ஏதோ கட்டம் கட்டமாகத் தெரிந்தது, ஓரத்தில் மொட்டைத் தலையோடு சின்னவன். பெரியவள் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அதற்குள் சிக்னல் போய்விட்டது. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்த நல்ல எண்ணத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேன் வந்தது. அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், அண்ணியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஐந்து நாளும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சின்னவன் குதித்து ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. எல்லாரும் களைத்துப் போய் இறங்கினார்கள். பெரியவள் கடைசியாக இறங்கினாள். பிரசாதப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். வெயிலில் கறுத்து, இளைத்து, எனக்கு அவளைப் பார்த்ததும் எல்லாக் கோபமும் மறந்து போனது. கையை நீட்டிக்கொண்டு போனேன்.

அவள் இரண்டு அடி பின்னால் போனாள். பையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தலைக்கு ஊத்திக்கிட்டியாம்மா?"

வெறுப்பாகக் கேட்கவில்லை. ஹோம்வொர்க் முடித்தாயா என்று நான் அவளைக் கேட்பேனே, அந்தக் குரல்தான். ஏழு வயது. நான் வாய் திறந்தேன். அவளிடம் அப்போது சொல்லியிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது.

"ஊத்திக்கிட்டேன்டி, காலையிலயே" என்றேன்.

"அப்ப சரி" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டு, வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.